14 சென்டிமீட்டருக்குக் கீழே

1810-ம் ஆண்டு. நேப்பிள்ஸ் நாட்டு ராணி கரோலின் மூரா, பாரிஸில் இருந்த ஆபிரகாம்-லூயி பிரெகே என்ற கடிகாரக்காரரிடம் ஒரு விசித்திரமான ஆர்டர் கொடுத்தார். கரோலின் வேறு யாருமல்ல, நெப்போலியனின் தங்கைதான். கடிகாரம் என்றால் சங்கிலி போட்டுப் பையில் வைத்துக்கொள்வது என்றிருந்த காலம் அது. அவர் கேட்டதோ கையில் கட்டிக்கொள்ளும் கடிகாரம்! 1812-ல் அது தயாரானது. நீள்வட்ட வடிவம், மெல்லிய உடம்பு, மணியடித்து நேரம் சொல்லும் வசதி, கூடவே ஒரு வெப்பமானி. கட்டிக்கொள்ள, முடியையும் தங்க இழையையும் சேர்த்து முறுக்கிய ஒரு பட்டை. அந்தக் கடிகாரம் இன்று எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பிரெகே கடையின் பேரேட்டில் இருக்கும் குறிப்புகள் மட்டும்தான் மிச்சம்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. வரலாற்றில் நமக்குத் தெரிந்த முதல் கைக்கடிகாரங்களில் ஒன்று, ஒரு பெண்ணின் மணிக்கட்டுக்காகவே செய்யப்பட்டது. அவர் கைக்கு எது பொருந்துமோ அதுதான் கடிகாரத்தின் அளவு.

இருநூறு வருடம் தாண்டி வருவோம். சின்ன மணிக்கட்டு உள்ள ஒருவர் ஆசையாக ஒரு ஃபிட்னஸ் பேண்ட் வாங்குகிறார். வாரின் கடைசி ஓட்டையில் மாட்டிய பிறகும் அது வளையல் மாதிரி கையைச் சுற்றி வருகிறது. திரை உள்ளங்கைப் பக்கம் தொங்குகிறது. இதயத் துடிப்பு சில நேரம் 60 என்கிறது, சில நேரம் கோடு மட்டும் காட்டுகிறது. ராணிக்கு 1812-ல் கிடைத்தது இவருக்கு ஏன் கிடைக்கவில்லை? 'ராணியிடம் காசு இருந்தது' என்று சொல்லிவிடலாம். அது பாதிப் பதில்தான். மீதிப் பாதி கடிகாரத்தின் வரலாற்றிலும், காலடி எண்ணும் கருவியின் வரலாற்றிலும் இருக்கிறது. இரண்டும் வெகுகாலம் தனித்தனியாக நடந்து, கடைசியில் மணிக்கட்டில் வந்து சந்தித்துக்கொண்டன.

முதலில் கடிகாரம். பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்கவே கையில் கட்டும் கடிகாரம் பெண்களின் நகையாகத்தான் பார்க்கப்பட்டது. 1868-ல் பட்டேக் ஃபிலிப் நிறுவனம் செய்த புகழ்பெற்ற கைக்கடிகாரமும் ஹங்கேரி நாட்டுப் பிரபுக் குடும்பத்துப் பெண்மணி ஒருவருக்குத்தான். ஆண்கள் அதைக் கட்டினால் கேலி! முதல் உலகப் போர் வந்ததும் நிலைமை மாறியது. குறித்த நொடியில் பீரங்கி சுட வேண்டும், குறித்த நொடியில் அகழியிலிருந்து கிளம்ப வேண்டும். இரண்டு கையிலும் வேலை இருக்கும்போது பைக்குள் கைவிட்டுக் கடிகாரத்தைத் தேட முடியுமா? சிப்பாய்கள் கையில் கட்டிக்கொண்டார்கள். போர் முடிந்து ஊருக்குத் திரும்பியவர்கள் அதைக் கழற்றவில்லை. கைக்கடிகாரம் ஆண்களுடையது ஆகிவிட்டது. அதன் பிறகு பெண்களுக்கானதை 'லேடீஸ் வாட்ச்' என்று தனியாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டியதாயிற்று.

அப்போதும் பெண்களுக்காகச் சிறிதாகச் செய்யும் கலை அழிந்துவிடவில்லை, உச்சத்துக்கே போனது. 1929-ல் லெகூல்ட் தொழிற்சாலை 'காலிபர் 101' என்ற இயந்திரத்தைச் செய்தது. நீளம் 14 மில்லிமீட்டர், அகலம் 4.8, தடிமன் 3.4. எடை ஏறக்குறைய ஒரு கிராம். அரிசி மணிகளை அடுக்கிப் பார்க்கிற மாதிரி அளவுதான், ஆனால் உள்ளே சக்கரங்கள், சுருள்வில் எல்லாம் உண்டு. 1953-ல் இங்கிலாந்து ராணி இரண்டாம் எலிசபெத் முடிசூட்டு விழாவுக்குக் கட்டிப் போனது இந்த இயந்திரம் வைத்த கடிகாரத்தைத்தான். நம் பக்கத்திலும் ஓர் உதாரணம் உண்டு. ஓசூரைத் தொழில் தளமாகக் கொண்ட டைட்டன் நிறுவனம் 2002-ல் கொண்டுவந்த 'எட்ஜ்' கடிகாரம் மொத்தமே 3.5 மில்லிமீட்டர் தடிமன்தான்.

ஆக, மெல்லிய கைக்குச் சின்னதாகச் செய்வது எப்படி என்று மனிதர்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். காலிபர் 101-க்கு ஒரே வேலைதான், நேரம் காட்டுவது. அதையும் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் பார்க்க வேண்டும். அதற்கு பேட்டரி இல்லை, விளக்கு இல்லை, போனோடு பேசும் ஆன்டெனா இல்லை.

இனி காலடி எண்ணும் கருவி. பெடோமீட்டர் என்று சொன்னால் எளிதாகப் புரியும். இது கடிகாரத்துக்கு நேர் எதிரான வழியில் வளர்ந்தது. மணிக்கட்டுப் பக்கமே அது வெகுநாள் வரவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் கிடைத்த பெடோமீட்டர்கள் சில, இடுப்பில் கருவியும் முழங்காலுக்கு ஒரு கயிறும் கொண்டவை. காலை எடுத்து வைக்கும்போதெல்லாம் கயிறு இழுபட்டு உள்ளே ஒரு பல் நகரும். பிறகு அமெரிக்க ஜனாதிபதியான தாமஸ் ஜெஃபர்சனுக்கு இந்தக் கருவி மேல் பெரிய மோகம். பாரிஸில் இருந்தபோது, 1788-ல் தன் நண்பர் ஜேம்ஸ் மேடிசனுக்கும் ஒன்று வாங்கி அனுப்பினார். (மேடிசன் ஐந்தரை அடிக்கும் குறைவான, ஒல்லியான மனிதர். கயிற்றின் நீளத்தைச் சரிசெய்தால் போதும், கருவி அவருக்கும் பொருந்தும்.)

காலடி எண்ணுவதைச் சாதாரண மக்களிடம் கொண்டுபோனது ஜப்பான். 1964-ல் டோக்கியோவில் ஒலிம்பிக்ஸ் நடந்தது. மறு வருடமே, 1965-ல், யமாசா என்ற நிறுவனம் 'மன்போ-கெய்' என்ற கருவியை விற்பனைக்கு விட்டது. பெயரின் பொருள் 'பத்தாயிரம் காலடி மானி'. இன்றைக்கு உலகம் முழுக்க ஜெபம் மாதிரி சொல்லப்படும் அந்தப் பத்தாயிரம், ஓர் ஆராய்ச்சியின் முடிவாக வரவில்லை. ஒரு கருவியின் பெயராக வந்தது! 2019-ல் ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ குழுவினர் 16,741 வயதான பெண்களின் நடையை அளந்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சராசரி வயது 72. ஒரு நாளைக்கு 4,400 காலடி நடந்தவர்களிடமே, 2,700 மட்டும் நடந்தவர்களைவிட இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. 7,500-ஐ ஒட்டி அந்தப் பலன் மேலே ஏறாமல் நின்றுவிட்டது. அந்தப் பெண்கள் கருவியை அணிந்தது இடுப்பில்தான், மணிக்கட்டில் அல்ல.

இடுப்புக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் இடுப்பு லேசாக ஏறி இறங்கியே ஆக வேண்டும், ஏமாற்ற முடியாது. கை அப்படியல்ல. தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு போனால் கை அசையாது, கருவி பாதி நடையை விட்டுவிடும். உட்கார்ந்த இடத்தில் கையை ஆட்டி ஆட்டிப் பேசினால் நடக்காத நடைக்கும் கணக்கு ஏறும். எல்லாவற்றுக்கும் மேலாக, இடுப்பில் கிளிப் போட்டு மாட்டும் கருவிக்கு யாருடைய உடம்பு அளவும் தேவையில்லை. ஒல்லியோ பருமனோ, கிளிப் ஒன்றுதான்.

அப்படியானால் ஏன் மணிக்கட்டுக்கு வந்தார்கள்?

2007-ல் ஜேம்ஸ் பார்க், எரிக் ஃப்ரீட்மன் இருவரும் அமெரிக்காவில் ஃபிட்பிட் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2009-ல் வந்த அவர்களின் முதல் கருவி துணி மாட்டும் கிளிப் மாதிரிதான் இருந்தது. பேன்ட் பையில், பெல்ட்டில், உள்ளாடையில், எங்கே வேண்டுமானாலும் மாட்டலாம். ஆனால் அதில் இரண்டு சிக்கல்கள். ஒன்று, உடையோடு சேர்த்துச் சலவை இயந்திரத்துக்குள் போய்விடும். மறதிக்கு மருந்தில்லையே! இரண்டாவது, தூக்கம். தூக்கத்தையும் அளக்கிறோம் என்று சொல்லி விற்றார்கள். ராத்திரி உடையில் கிளிப் நிற்காது என்பதால், பெட்டியிலேயே ஒரு துணிப் பட்டையும் கொடுத்து, படுக்கும்போது மட்டும் கருவியை அதற்குள் வைத்துக் கையில் சுற்றிக்கொள்ளச் சொன்னார்கள். ஆக, அந்தக் கருவி முதலில் மணிக்கட்டுக்கு வந்தது ராத்திரியில்தான். பகலிலும் அங்கேயே தங்கியது அப்புறம்தான்.

2011 நவம்பரில் ஜாபோன் நிறுவனத்தின் 'அப்' வந்தது. கையை வளைத்துப் பிடிக்கும் ரப்பர் வளையம், மூன்று அளவுகளில். வந்த வேகத்திலேயே பழுதுகள் அதிகமாகி, டிசம்பரில் கேள்வி கேட்காமல் பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவிக்க வேண்டியதாயிற்று. 2012-ல் திருத்தி மறுபடி விட்டார்கள். அதே வருடம் நைக்கியின் ஃபியூல்பேண்ட். இதுவும் மூன்று அளவுதான், 147, 172, 197 மில்லிமீட்டர். உடம்பு விறைப்பானது, வளைத்து இறுக்க வழியில்லை. கொஞ்சம் நீளம் கூட்ட சின்ன இணைப்புத் துண்டு மாட்டலாம். சின்னக் கைக்குக் குறைக்க? மிகச் சிறியதே 147 என்ற பிறகு குறைக்க ஒன்றும் இல்லை.

வளையல் கடையில் போய் நின்றால் முதல் கேள்வியே 'என்ன சைஸும்மா?' என்பதுதான். இரண்டே இரண்டு, இரண்டே நாலு, இரண்டே ஆறு என்று அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு வித்தியாசத்தில் வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். இங்கோ ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் இடையில் சுற்றளவில் 25 மில்லிமீட்டர் இடைவெளி!

2013-ல் வந்த ஃபிட்பிட் ஃபிளெக்ஸ் இந்தச் சிக்கலைக் கொஞ்சம் புத்திசாலித்தனமாகக் கையாண்டது. கருவி ஒரு சின்னக் கூழாங்கல் மாதிரி தனியாக இருக்கும், ரப்பர் வாருக்குள் செருகிக்கொள்ளலாம். பெட்டியிலேயே சின்னது, பெரியது என இரண்டு வார்கள். சின்ன வார் ஆரம்பிப்பது 5.5 அங்குலச் சுற்றளவில், அதாவது 14 சென்டிமீட்டரில். இந்த எண்ணைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். ஃபிளெக்ஸிலிருந்து தொடங்கி 2022-ல் வந்த இன்ஸ்பையர் 3 வரை, அந்த நிறுவனத்தின் பல மாடல்களில் சின்ன வாருக்கு இதே 14 தான் ஆரம்பம். எல்லா மாடலுமே அப்படி இல்லை, சில இன்னும் ஒரு சென்டிமீட்டர் இறங்கின. ஆனாலும் வெகுநாள் வாசற்படியாக நின்றது 14 தான்.

இந்த 14 சிறியதா, பெரியதா? அமெரிக்க ராணுவம் 1988-ல் தன் ஆட்களின் உடல் அளவுகளை எடுத்து வெளியிட்டது. உடம்பில் அணியும் பொருள்களை வடிவமைக்கிறவர்கள் அடிக்கடி புரட்டும் அறிக்கை அது. அதில் ஆண்களின் மணிக்கட்டுச் சுற்றளவு சராசரியாகப் பதினேழரை சென்டிமீட்டரை ஒட்டியும், பெண்களுடையது பதினைந்தை ஒட்டியும் இருக்கிறது. அதாவது ஆண்களின் சராசரிக்கும் வாசற்படிக்கும் நடுவே மூன்றரை சென்டிமீட்டர் இடம் இருக்கிறது. பெண்களுக்கோ ஒரு சென்டிமீட்டர்தான். அதுவும் ராணுவத்தில் சேரும் அளவுக்கு உடல்வாகு கொண்ட அமெரிக்கப் பெண்கள். அவர்களைவிடச் சிறிய உடம்பு உள்ளவர்கள் இந்த உலகத்தில் கோடிக்கணக்கில் உண்டு. 13 சென்டிமீட்டர் மணிக்கட்டு ஒன்றும் நோயோ குறையோ இல்லை, சாதாரண உடம்புதான்.

வாரின் நீளம் மட்டும்தான் சிக்கல் என்றால் ஓர் ஊசியைச் சூடு காட்டி இன்னொரு ஓட்டை போட்டுவிடலாம். (பலர் செய்வதும் இதுதான்.) ஆனால் அகலம் என்று இன்னொன்று இருக்கிறது. 14 சென்டிமீட்டர் சுற்றளவு உள்ள மணிக்கட்டின் மேல்பக்கம் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் அகலம்தான் இருக்கும். அதன் மேல் 4 சென்டிமீட்டருக்கும் அதிகமான ஒரு தட்டைப் பெட்டியை வைத்தால், வார் உடனே கீழே மடங்க இடமில்லை. வார் பெட்டியோடு சேரும் இடம் பொதுவாக விறைப்பாகவே இருக்கும். அதனால் இரண்டு ஓரத்திலும் வார் காற்றில் நின்று, அப்புறம்தான் தோலைத் தொடும். எவ்வளவு இறுக்கினாலும் அந்த இடைவெளி போகாது. அதோடு மணிக்கட்டின் வெளிப்பக்கம் துருத்தி நிற்கும் எலும்பில் பெட்டியின் விளிம்பு இடிக்கும். ராத்திரி அதோடு தூங்கிப் பார்த்தவர்களுக்கு அந்த வலி தெரியும்.

காலடி மட்டும் எண்ணிய வரையில் இது வெறும் அசௌகரியம். வளையல் மாதிரி தொங்கினாலும் எண்ணிக்கை கிட்டத்தட்டச் சரியாகவே வரும். இதயத் துடிப்பு வந்த பிறகுதான் விஷயம் தீவிரமானது.

தோலுக்குள் ஒளியைச் செலுத்தி, ரத்தம் வந்து போவதால் அந்த ஒளி கூடிக் குறைவதை அளக்கும் முறையை 1930-களில் அமெரிக்க விஞ்ஞானி ஆல்ரிக் ஹெர்ட்ஸ்மன் ஆராய்ந்தார். மருத்துவமனையில் விரல் நுனியில் மாட்டுகிறார்களே, அந்தக் கருவியும் இந்தக் குடும்பம்தான். அதையே மணிக்கட்டுக்குக் கொண்டுவந்து, பச்சை விளக்கு வைத்து, 2013 முதல் 2015 வரையிலான வருடங்களில் வரிசையாகக் கருவிகள் வந்தன. மியோ ஆல்ஃபா, ஃபிட்பிட் சார்ஜ் ஹெச்ஆர், ஆப்பிள் வாட்ச் எல்லாம் இந்த வரிசையில் சேரும். இந்த முறைக்கு ஒரே ஒரு நிபந்தனைதான். சென்சார் தோலை ஒட்டி இருக்க வேண்டும். இடைவெளி இருந்தால் வெளிச்சம் உள்ளே புகுந்துவிடும், கை ஆட ஆட அளவு குழம்பும். அதுவரை 'கொஞ்சம் லூசாக இருக்கிறது, பரவாயில்லை' என்று விட்டதை இனி விட முடியாது. அளவு பொருந்தாத கருவி தவறான எண்ணைக் காட்டும். சின்ன மணிக்கட்டுக்காரர் மற்றவர்கள் கொடுத்த அதே பணத்தைக் கொடுத்து, அவர்களைவிட மோசமான எண்ணை வாங்கிக்கொண்டு வருகிறார்.

அப்படியானால் நன்றாக இறுக்கிவிட வேண்டியதுதானே? அதற்கும் ஒரு கதை உண்டு. 2013 அக்டோபரில் ஃபிட்பிட் 'ஃபோர்ஸ்' என்ற பேண்டை விட்டது. சில மாதங்களில் கையில் தடிப்பு, அரிப்பு, கொப்புளம் என்று புகார்கள் வந்தன. 2014 பிப்ரவரியில் விற்பனையை நிறுத்தினார்கள். மார்ச்சில் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட திரும்பப் பெறும் அறிவிப்பின்படி, அந்த நாட்டில் மட்டும் ஏறக்குறைய 10 லட்சம் பேண்டுகள். தோல் எரிச்சல் என்று சுமார் 9,900 புகார்கள், கொப்புளம் என்று சுமார் 250. வாரின் பொருள்களாலும், பாகங்களை ஒட்டப் பயன்படுத்திய பசையாலும் சிலருக்கு ஒவ்வாமை வந்தது என்று நிறுவனமே சொன்னது. அது மணிக்கட்டின் அளவால் வந்த பிரச்சினை இல்லை. ஆனால் அதன் பிறகு எல்லா நிறுவனமும் சொல்லத் தொடங்கிய அறிவுரை, சின்னக் கைக்காரர்களுக்குப் பெரிய தர்மசங்கடம். இறுக்காதே, தளர்த்திக் கட்டு, வியர்வையைத் துடை, அவ்வப்போது கழற்றி வை என்கிறார்கள். தளர்த்தினால் துடிப்பு வராது, இறுக்கினால் தோல் தாங்காது. இரண்டு ஓட்டைகளுக்கு நடுவில் ஓர் ஓட்டை இருந்தால் சரியாக இருக்கும், அதுதான் இல்லை.

கொக்கியும் இதில் சேர்த்தி. ஃபிளெக்ஸிலும் ஃபோர்ஸிலும் இரண்டு குமிழ்களை ஓட்டைக்குள் அழுத்தும் மாட்டல்தான். ஒரு கையால் அழுத்த வேண்டும், மெல்லிய கையில் கீழே பிடிமானமே இருக்காது. துடிப்பு பார்க்கும் சார்ஜ் ஹெச்ஆர் வந்தபோது அதைக் கைவிட்டு, பழைய கைக்கடிகாரத்தின் ஊசிக் கொக்கிக்கே திரும்பினார்கள்.

இதற்கு நடுவில் திரைகள் பெருத்துக்கொண்டே போயின. ஆப்பிள் வாட்ச் 2015-ல் 38, 42 மில்லிமீட்டர் என இரண்டு அளவில் வந்தது. 2018-ல் 40, 44. 2021-ல் 41, 45. 2024-ல் சீரிஸ் 10 வந்தபோது 42, 46. 2015-ல் 'பெரியது' என்று பெயர் வாங்கிய 42, ஒன்பது வருடத்தில் 'சின்னது' ஆகிவிட்டது! தடிமன் குறைந்தது உண்மை, விளிம்பு வளைந்ததும் உண்மை. இருந்தாலும் அந்த வரிசையில் மெல்லிய கைக்காரருக்கு ஒவ்வொரு தடவையும் இடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. பெரிய பெட்டி என்றால் பெரிய பேட்டரி, பெரிய எழுத்து, ஜிபிஎஸ்ஸுக்கு இடம். பொறியாளர்கள் சொல்லும் காரணங்கள் எதுவும் பொய்யில்லை. ஆனால் பெட்டியின் அளவை முடிவு செய்துவிட்டுக் கையைத் தேடுவது ஒரு முறை, கையை அளந்துவிட்டுப் பெட்டியைச் செய்வது இன்னொரு முறை. பிரெகே செய்தது இரண்டாவது.

இரண்டாவது முறையில் யோசித்தவர்கள் அடியோடு இல்லாமல் போகவில்லை. 2013-ல் மிஸ்ஃபிட் ஷைன் வந்தது. நாணயம் அளவு வட்டம், கைக்கடிகாரத்தில் போடும் மாதிரி பொத்தான் பேட்டரி, மாதக்கணக்கில் சார்ஜ் வேண்டாம். கையிலோ சட்டையிலோ கழுத்துச் சங்கிலியிலோ மாட்டலாம். திரை மட்டும் கிடையாது, சில புள்ளிகள் ஒளிரும், அவ்வளவுதான். 2016-ல் ஃபிட்பிட் ஆல்டா, ஒல்லியான பட்டை. 2018-ல் கார்மின் விவோஸ்மார்ட் 4 வந்தது. அதன் சின்ன அளவு 122 மில்லிமீட்டர் மணிக்கட்டிலிருந்தே பொருந்தும், எடை 20 கிராம்தான். 14 சென்டிமீட்டர் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தவர்களுக்கு இது நிஜமான நல்ல செய்தி. ஒரே குறை, வாரைக் கழற்றி மாற்ற முடியாது. வார் கிழிந்தால் கருவியே போச்சு. 2022-ல் வந்த விவோஸ்மார்ட் 5-ல்தான் அதைத் திருத்தினார்கள்.

2021-ல் அதே கார்மின் 'லில்லி'யைக் கொண்டுவந்தது. பெண்களே பெண்களுக்காக வடிவமைத்தது என்று சொல்லி விற்றார்கள். குறுக்களவு 34 மில்லிமீட்டரை ஒட்டி, பொருந்தும் மணிக்கட்டு 110 மில்லிமீட்டரிலிருந்து. பதினொரு சென்டிமீட்டர்! ஆனால் உள்ளே ஜிபிஎஸ் கிடையாது. ஓடப் போகிறவர் தூரம் சரியாகத் தெரிய வேண்டுமென்றால் போனையும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். சின்னக் கை இருப்பவர் குறைவாகத்தான் ஓடுவார் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் பெட்டியைத் திறந்தால் அப்படித்தான் இருக்கிறது. இதைவிட வேடிக்கை குழந்தைகளுக்கான பேண்டுகள். 2018-ல் எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கென்று ஃபிட்பிட் ஏஸ் வந்தது. சின்ன வார்தானே, வளர்ந்தவர்களும் கட்டிக்கொள்ளலாமே என்று தோன்றும். கட்டலாம், ஆனால் கலோரி காட்டாது, கணக்கைப் பெற்றோர்தான் திறந்து கொடுக்க வேண்டும்!

வாரைப் பொறுத்தவரை நல்ல தீர்வு, ஓட்டையே இல்லாத வார்தான். துணியில் பிசிறு ஒட்டும் வெல்க்ரோ வார், காந்தத்தால் ஒட்டும் உலோக வலை வார் இவற்றில் மில்லிமீட்டர் மில்லிமீட்டராகச் சரிசெய்யலாம். இன்னொரு விஷயம், மணிக்கட்டு எலும்பிலிருந்து ஒரு விரல் அகலம் மேலே கட்டு, உடற்பயிற்சியின்போது இரண்டு மூன்று விரல் மேலே ஏற்று என்று நிறுவனங்களே சொல்கின்றன. துடிப்பு நன்றாகக் கிடைப்பதற்காகச் சொன்னது அது. ஆனால் கை மேலே போகப் போகப் பருக்கிறது அல்லவா? மணிக்கட்டில் சுற்றிச் சுற்றி வந்த வார் அங்கே பிடித்து நிற்கும், எலும்பும் இடிக்காது. கடையில் முயன்று பார்க்கிறவர்கள் வாரை எலும்பின் மேல் கட்டிப் பார்த்துவிட்டு, பொருந்தவில்லை என்று வைத்துவிட்டு வந்துவிடுகிறார்கள்.

துடிப்பு துல்லியமாக வேண்டும் என்பவர்களுக்கு இவை எல்லாவற்றுக்கும் முந்தைய வழி ஒன்று இருக்கிறது. ஃபின்லாந்தில் 1977-ல் தொடங்கிய போலார் நிறுவனம், 1982-ல் கம்பியில்லாமல் துடிப்பை அளக்கும் 'ஸ்போர்ட் டெஸ்டர்' கருவியை விற்றது. அளப்பது மார்பில் கட்டும் பட்டை, மணிக்கட்டில் இருப்பது எண்ணைக் காட்டும் கடிகாரம் மட்டும். அளக்கும் வேலை மணிக்கட்டில் இல்லை என்பதால், கடிகாரம் லூசாக ஆடினாலும் எண் மாறாது. அந்த மார்புப் பட்டைகள் இன்றும் விற்கின்றன. ஆனால் நாள் முழுக்கக் கட்டிக்கொண்டிருக்க முடியாது, அதுதான் சங்கடம்.

மணிக்கட்டை விட்டு விரலுக்கு நகர்ந்தவர்களும் உண்டு. ஃபின்லாந்தின் ஔரா மோதிரம் 2015-ல் பொதுமக்களிடம் முன்பணம் திரட்டி ஆரம்பித்தது. மோதிரம் அளவு தப்பினால் ஒன்றும் செய்ய முடியாது, இறுக்க ஓட்டையும் கிடையாது. அதனால் முதலில் வெவ்வேறு அளவில் பிளாஸ்டிக் மோதிரங்கள் அடங்கிய ஒரு பெட்டியை அனுப்புவார்கள். ஒன்றைப் போட்டு ஒரு நாள் முழுக்கத் தூங்கி, எழுந்து, வேலை செய்து பார்த்து, பொருந்திய அளவைச் சொன்ன பிறகுதான் நிஜ மோதிரம் வரும். ஆப்பிளும் 2020-ல் கொக்கியே இல்லாத வாரைப் பன்னிரண்டு அளவுகளில் கொண்டுவந்தபோது, காகித அளவுகோலை அச்செடுத்துக் கையில் சுற்றிப் பார்க்கச் சொன்னது. வளையல் கடைக்காரரின் கேள்வியைக் கேட்க இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

கடைசியாக ஒன்று. ஃபிட்பிட்டை 2021 ஜனவரியில் கூகுள் வாங்கி முடித்தது. அதன் பிறகு 2022-ல் வந்த இன்ஸ்பையர் 3-க்குத் தனியாக ஒரு கிளிப் விற்றார்கள். வாரைக் கழற்றிவிட்டுக் கருவியை அந்தக் கிளிப்பில் செருகி, இடுப்பில் மாட்டிக்கொள்ளலாம். இதயத் துடிப்பு வராது. காலடி மட்டும் எண்ணும், 1965-ல் மன்போ-கெய் எண்ணியது போலவே, எந்த உடம்புக்கும்.